மஞ்சள் சரிபார்த்த காந்தம் அண்ணன்

மலேசியாவுக்குக் கலர் டிவியைக் கொண்டுவந்தது அரசாங்கம் என்று நீங்கள் படித்திருக்கலாம். எங்கள் குவீன் ஸ்திரீட்டில் கேட்டால், காந்தம் அண்ணன்தான் என்பார்கள்.

டிவி ரிப்பேர்காரர். கலர் வந்த புதிதில் சட்டைப்பையில் ஒரு வாழைப்பழத்தோடு வீடு வீடாகப் போவாராம். "மனுசன் மூஞ்சிய நம்பாதீங்க, ஆளுக்கொரு கலரு. பழத்த நம்புங்க." திரையில் வாழைப்பழம் வரும்வரை உட்கார்ந்திருந்து, தன் பழத்தைப் பக்கத்தில் பிடித்து, குமிழைத் திருகுவார். சில வீடுகளில் இரண்டு வேளை சாப்பாடே போட்டிருக்கிறார்கள்.

அவருக்கு ஒரே எதிரி காந்தம்; அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். முதுகு பெருத்த அந்தக் காலத்து டிவிக்குக் கிட்டே காந்தம் வந்தால் நிறம் கெட்டுவிடும். வைத்தவன் யாரென்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

ஒருமுறை வைத்தவன் நான். கல்யாணமாகி மூன்றாவது வாரம், மாமனார் வீட்டு வாசம். தெருவின் முதல் கலர் டிவி அவருடையது. மகளைக் கொடுக்க யோசிக்காதவர், அதன் சுவிட்சைத் தொடவிட யோசித்தார். அவர் காரை மெக்கானிக்கிடம் காட்ட ஜுரு ஊருக்குப் போன நேரத்தில், என் பெரிய ஸ்பீக்கரை டிவியோடு ஒட்டி வைத்துவிட்டேன். செய்தி வாசிப்பவரின் பாதி முகம் பச்சையாகிப் போனது. ஸ்பீக்கரை நகர்த்தினேன், பச்சை நகரவில்லை. துடைத்தேன். திருநீறுகூடப் பூசினேன். சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள், ஊருக்குச் சொல்லிவிடும் ஆளும்கூட. வேறு வழியில்லாமல் அவரிடமே ஓடி, வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"வாச்சக் கழட்டு தம்பி. சாவி. பெல்ட்டு. இரும்பு ஒண்ணும் கிட்ட இருக்கக்கூடாது."

கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரையில் ஏறிய காந்தத்தை எடுக்கும், கம்பி சுற்றிய பெரிய வளையத்தை நீள வயரால் கரண்டில் மாட்டி, திரைக்கு முன்னால் வட்டம் போட்டபடியே பின்பக்கமாக நடந்தார். கிட்டே வைத்து நிறுத்தினால் மறுபடி கெட்டுவிடுமாம். பச்சை மறைந்தது. அவர் வாசலும் தாண்டி, வந்துகொண்டிருந்த மாமனார் மேல் முட்டினார்.

"என்னய்யா நடக்குது இங்க?"

அண்ணன் வளையத்தை நிறுத்தவில்லை.

"கண்ணு பட்டுருச்சு லா ஐயா. தெருவுலயே மொத கலர் டிவி இல்லையா? சுத்திப் போடுறேன்."

மாமனார் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன். இவரு ஏன் பேண்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு?"

"மாப்பிள்ளைக்கும் சேத்துத்தான் ஐயா."

கடைசிவரை அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று என் வீட்டுச் சுவரில் தொங்குவது தட்டை டிவி. எந்தக் காந்தமும் அதை ஒன்றும் செய்யாது. இருந்தாலும், திரையில் வாழைப்பழம் வந்தால் வாட்சைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்க்கிறேன்.

மஞ்சள் சரியாகத்தான் இருக்கிறது, அண்ணே.