மாஸ்க்கோடு போன தாடி

மேடை ஏற ஆசை உள்ளவர்கள் யாரும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். யாராவது கூப்பிடும்போது "ஐயோ, நானா?" என்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

கொரோனாவுக்காகப் பூட்டிக் கிடந்த எங்கள் ஊர் நாடக மன்றத்தைத் திறக்க ஒருவழியாக அனுமதி கிடைத்தது. மகனைப் பறிகொடுத்த ராஜாவின் கதை. எழுதி இயக்கியவர் என் கணவர். (எழுதும்போதே அழுதார். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நானும் அழுதேன்.) ஆனால் மன்றச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த நாடகத்துக்கும் ஆளு வரலேன்னா ஹாலைக் கட்டில் பீரோ அடுக்க வாடகைக்கு விட்டிருவோம் மக்கா."

நாடகத்தன்று காலை பார்த்து ராஜா வேடக்காரரின் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். வீட்டில் யாருக்கோ தொற்றாம். கணவர் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒத்திகை பாத்துப் பாத்து வசனம் முழுக்க உனக்குத் தெரியும்லா? நீ மேடையில கேறு."

"ஐயோ, நானா?" என்றேன். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

பசை தடவி, மீசையையும் மார்புவரை தொங்கும் தாடியையும் ஒட்டினார்கள். வாசலில் நின்ற சுகாதார ஆய்வாளர் விடவில்லை. "மேடையில கேறுற வரைக்கும் மாஸ்க் போடணும்." தாடிக்கு மேலேயே இறுக்கி மாட்டிக்கொண்டேன். பசையும் வியர்வையும் உள்ளே என்ன பேசி முடித்தனவோ தெரியாது.

மகன் இறந்த செய்தி கேட்டு ராஜா ஓடி வரும் காட்சி. மேடையின் நடுவில் நின்று, கம்பீரமாக மாஸ்க்கைப் பிடுங்கினேன். தாடி முழுவதும் அதோடு வந்துவிட்டது. இடது பக்கத்து மீசை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

"ராஜா துக்கத்துல ஷேவ் பண்ணிட்டாரு" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

இடைவெளி விட்டுப் போட்டிருந்த நாற்காலிகளில் சிரிப்பு இடைவெளி இல்லாமல் பரவியது. எனக்கோ வசனத்தை நிறுத்தத் தெரியவில்லை. கையில் தொங்கிய தாடியைப் பார்த்து, "மகனே, இந்த முகத்தை இனி எங்கே காண்பேன்?" என்று கதறினேன். சுகாதார ஆய்வாளர் மாஸ்க்குக்குள் குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. ஆனாலும் அத்தனை பேரின் சிரிப்பை ஒரே இடத்தில் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அடுத்த வாரம் தாடி விழும் நாடகத்துக்கு இடம் உண்டா என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கேட்டு வந்தார்கள். கட்டில் பீரோ பேச்சு அதோடு நின்றது. என் கணவர் மட்டும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவருடைய துன்பியல் நாடகமாயிற்றே.

பிறகு ஒருநாள் பசை நன்றாகப் பிடித்து, தாடி அசையவே இல்லை. கூட்டம் ஏமாந்து போய் முணுமுணுத்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து நாடக ஆசிரியரின் குரல் வந்தது.

"பிச்சு எறி ஏட்டி!"

இப்போதும் வீட்டில் நான் முகத்தை உம்மென்று வைத்திருந்தால், "பசை இறுகிப் போச்சா?" என்றுதான் கேட்கிறார்.