வெளிநாடும் வெந்நீரும்

வெளிநாட்டுப் பயணத்தில் பணத்தைத் தின்பது விமானம்தான் என்று உலகம் முழுவதும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது தவறு. ஆபத்தான தவறு. இதை நம்பி எத்தனையோ குடும்பத் தலைவர்கள் சீரழிந்திருக்கிறார்கள். விமானத்துக்காக மனிதன் போகும்போது ஒரு தடவை அழுகிறான், திரும்பும்போது ஒரு தடவை அழுகிறான். அதோடு சரி. அவனை உண்மையில் தின்பது படுக்கை. அந்நிய மண்ணில் அவன் கண்ணை மூடும் ஒவ்வொரு இரவும் யாரோ ஒரு விடுதிக்காரர் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்.

இந்த நுட்பமான உண்மையை நான் என் மனைவிக்கு விளக்காமல் இருந்திருக்கலாம். விளக்கினேன்.

நான் பூகோள ஆசிரியன். எந்த ஆறு எங்கே பிறந்து எந்தக் கடலில் கலக்கிறது என்று தூக்கத்திலும் சொல்வேன். தூக்கத்தில் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கும். ஓர் ஆற்றின் நீளம் தெரிந்தவன் அதன் கரையில் போய்க் காலை நனைக்க வேண்டிய அவசியம் என்ன என்பது என் கட்சி. எனவே இந்த ஆண்டு பள்ளி விடுமுறைக்கு ஒரு மகத்தான தீர்மானம் வைத்திருந்தேன்: ஜன்னலோரச் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. வருடம் முழுவதும் பிள்ளைகளோடு மாரடித்தவனுக்கு இது பேராசை இல்லை.

என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடப் பார்ப்பவர்களைப் பேசியே உள்ளே அனுப்பி, சாய்ந்து படுக்க வைத்து, வாயைத் திறக்க வைப்பது அவள் தொழில். மருத்துவர் பிடுங்குவது அதற்குப் பிறகுதான். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மாலை, தோளில் இருந்த கைப்பையைக்கூட இறக்காமல் அவள் செய்தியை அறிவித்தாள். மருத்துவமனை நர்ஸ் கணவனோடு வெளிநாடு போய்வந்துவிட்டாளாம். செலவு சொற்பமாம். நம்மைப் போன்றவர்களுக்கு என்றே மலிவான நாடுகள் எத்தனையோ இருக்கின்றனவாம். இந்த விடுமுறைக்கு நாமும் போகிறோமாம்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் வேலை செய்து வெகுகாலம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி, ஒவ்வொரு சரிக்கும் பின்னால் ஒரு தகவலைக் கட்டிவிடுவது என் உத்தி. அவள் ஒரு மலை நாட்டைச் சொன்னாள். அருமையான நாடு, அங்குள்ள அட்டைப்பூச்சிகளும் அப்படித்தான் நினைக்கின்றன என்றேன். ஒரு தீவைச் சொன்னாள். அற்புதம், ஆனால் அங்கே ஓர் எரிமலை தூங்குகிறது, எப்போது புரண்டு படுக்கும் என்று தெரியாது என்றேன். பாலைவன ஓரத்துப் பழைய நகரம் ஒன்றைச் சொன்னாள். பகலில் வறுக்கும், இரவில் உறையவைக்கும், இரண்டுக்கும் துணி எடுத்துப் போனால் பெட்டிக்குத் தனி டிக்கெட் என்றேன்.

“நீங்க எந்த நாட்டைத்தான் நல்லதுன்னு சொல்லுவீங்க?”

“எல்லாமே நல்ல நாடுதான். தூரத்துல இருந்து பார்த்தா.”

“எவ்வளவு தூரத்துல இருந்து?”

“இந்த நாற்காலி இருக்கிற தூரத்துல இருந்து.”

அவள் கோபப்படவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கடைசி அஸ்திரம் என்று எண்ணி, படுக்கைத் தத்துவத்தை எடுத்துவிட்டேன். நாடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அறை வாடகை நம்மைச் சும்மா விடாது. படுக்க இடம் மட்டும் இலவசமாகக் கிடைக்கட்டும், மறுநிமிடம் புறப்படலாம் என்றேன்.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

“பேச்சு மாற மாட்டீங்களே?”

பல்லுக்குக் காத்திருந்த யாரோ ஒரு பெண்மணி அவளுக்குச் சொல்லியிருக்கிறார். உலகத்தில் வீடு மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். விடுமுறையில் அவர்கள் நம் வீட்டில் வந்து தங்குவார்கள், நாம் அவர்கள் வீட்டில் போய்த் தங்கலாம். வாடகை கிடையாது. இணையதளத்தில் நம் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டால் போதும்.

ஒரு கணம் உட்கார்ந்திருந்த நாற்காலி கீழே இறங்குவது போல இருந்தது. மறுகணம் எனக்குள் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டுக்கா? சொந்தக்காரர்களே ஒரு தடவை வந்தால் மறுதடவை விடுதியில் தங்கும் எங்கள் வீட்டுக்கா? அந்த நாலு வரியை நானே எழுதுகிறேன் என்றேன்.

“நீங்கதான் எழுதணும். உங்களுக்குத்தான் எழுத வரும். உள்ளதை உள்ளபடி எழுதுங்க. பொய் சொல்லி ஆளை வரவழைக்கக் கூடாது” என்றாள்.

எழுதினேன். அப்படி ஓர் ஆனந்தத்தோடு நான் எதையும் எழுதியதில்லை. குளியலறைக் கதவை முழங்காலால் தூக்கித் தோளால் தள்ள வேண்டும். சமையலறைக் குழாயைத் திறந்தால் சுவர் முனகும். பயப்பட வேண்டாம், கொஞ்சம் பொறுத்துத் தண்ணீரும் வரும். மழை பெய்தால் படுக்கையறை ஜன்னலை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது நல்லது. ஹீட்டரை இடது விலாவில் உள்ளங்கையால் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, மறுபடி மெதுவாகத் தட்டினால் வெந்நீர் கொடுக்கும். பலமாகத் தட்டினால் வீடே இருண்டுவிடும். முத்தாய்ப்பாக, இந்த வீட்டை இயக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரே, அவர் இல்லாமல் இங்கே யாரும் குளித்ததில்லை என்று முடித்தேன்.

மனைவி படித்தாள். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. ரொம்ப நல்லா வந்திருக்கு என்றாள். அவளுக்கு இலக்கிய ரசனை இல்லை என்று இத்தனை காலம் நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

சில நாட்களில் பதில் வந்தது. எழுதியிருந்தவர் ஓய்வுபெற்ற கட்டட ஆய்வாளர். கடலோர நகரம் ஒன்றில், கடலைப் பார்த்த வீடு. வாழ்நாள் முழுக்க ஆட்கள் விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசி அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். விரிசலைத் தானே காட்டும் வீட்டுக்காரரை இப்போதுதான் சந்திக்கிறாராம். படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டாராம். மனைவியோடு உடனே வர விரும்புகிறார்.

“ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கார். வீட்டை இயக்கத் தெரிஞ்ச அந்த ஒருத்தர் கூடவே இருப்பாரான்னு.”

“எப்படி இருக்க முடியும்? நாம ரெண்டு பேரும் அங்க போயிடுவோமேன்னு எழுதிடு.”

“இருப்பார்னு எழுதிட்டேன்.”

எனக்கு வாய் திறந்தது. மூடவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களோடு பேசித்தான் அவளுக்குப் பழக்கம்.

“நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னுதானே உங்களுக்கு ஆசை? அதை நான் கெடுப்பேனா? எனக்குத் துணைக்கு அக்கா வர்றா.”

“அக்கா எப்போ வர்றேன்னாங்க?”

“அவ பெட்டி கட்டி ரொம்ப நாளாச்சுங்க.”

மனித மனம் விசித்திரமானது. போக வேண்டியதில்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் எனக்குக் கடல் தேவைப்பட்டது. அந்தக் கரையோரம் புகழ்பெற்ற ஒரு வெப்ப நீரோட்டம் ஓடுகிறது, இத்தனை வருடம் பாடம் நடத்தியும் நேரில் பார்த்ததில்லை, நானும் வருகிறேனே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“அங்க அது தானா ஓடுது. இங்க யார் ஓட வைக்கிறது?” என்றாள்.

டாக்சியில் ஏறும்போது அவள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடல் எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்றோம் தம்பி. நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க” என்றார்.

ஆய்வாளர் மனைவியோடு வந்தார். படுக்கையறை அவர்களுக்கு. சாய்வு நாற்காலியும் அவருக்குத்தான்; கூரை விரிசல் அங்கிருந்துதான் முழுசாகத் தெரிகிறதாம். நான் சாமான் அறையில், உடைந்த குடைகளுக்கும் ஒரு பழைய பூமி உருண்டைக்கும் நடுவில் படுத்தேன். அவர்கள் சுத்தமானவர்கள். காலையில் குளித்தார்கள், மாலையில் குளித்தார்கள், வெளியே போய்வந்தால் குளித்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஹீட்டரைத் தட்ட, அவர் டார்ச் அடித்துப் பார்த்து மெய்மறந்து நின்றார். பொறுக்க முடியாமல் ஆள் கூப்பிட்டுப் பழுது பார்த்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்றார்.

மனைவியிடமிருந்து படங்கள் வந்தன. கடல். கடலுக்கு முன்னால் அக்கா. கடலுக்கு முன்னால் ஒரு சாய்வு நாற்காலி, அதில் என் மனைவி. கீழே ஒரு வரி: “இங்க குழாயைத் திறந்தா தண்ணி வந்துடுது. என்னமோ மாதிரி இருக்கு.”

எல்லாரும் அவரவர் வீடு திரும்பிய பிறகு, ஆய்வாளர் இணையதளத்தில் எங்கள் வீட்டைப் பாராட்டி எழுதினார். குறைகள் ஏராளம், ஒன்றுகூட மிகைப்படுத்தப்படவில்லை. பணியாள் தங்கமானவர், ஆறுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார்.

அடுத்த விடுமுறைக்கு ஒரு பெரிய குடும்பம் எழுதியிருக்கிறது. பணியாளும் உண்டுதானே என்று கேட்டிருக்கிறார்கள். என் மனைவி சாமான் அறைக்குப் புது மெத்தை ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள்.