நான் எதிர்க்கம்பியாக இருந்த காலம்

கம்பம் பள்ளத்தாக்கில் இதுவரை பிறந்தவர்கள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன்: ஒற்றை ஆளின் பேச்சை நம்பாததில் ரெட்டைக்கம்பி சாரை மிஞ்ச ஆள் கிடையாது. எமனே எருமையில் வந்து இறங்கி "கிளம்பு" என்றாலும், "இருங்கய்யா, சித்திரகுப்தன் என்ன சொல்றாருன்டு கேட்டுக்குவோம்" என்பார். இருவரும் ஒரே குரலில் "கிளம்பு" என்றால் இன்னும் மோசம். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீக" என்று கதவைச் சாத்திவிடுவார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்பதால் நாங்களும் மறந்துவிட்டோம்.

2002 வாக்கில் ஓடைப்பட்டியில் ஒரு குளிர் கிட்டங்கியில் நான் சூப்பர்வைசர். எட்டு அறைகள். எட்டிலும் விதையில்லாத் திராட்சை பெட்டி பெட்டியாகக் குளிர்காய்ந்துகொண்டிருக்கும். அறைக்குள் எத்தனை டிகிரி என்று சிவப்பு எண்களில் காட்டும் பலகை என் மேசைக்கு எதிரே இருந்தது. அறைக்கு ஒரு கம்பி வீதம், பலகைவரை இழுத்திருந்தார்கள். நடுவில் மோட்டார் ரூம். மோட்டார் ஓட ஆரம்பித்ததோ இல்லையோ, "ஒன்று" என்று சமர்த்தாக இருக்கும் பலகை "நாற்பத்தெட்டு" என்று அலறும். மோட்டார் நின்றால் பழையபடி "ஒன்று".

முதல் வாரம் நாற்பத்தெட்டைப் பார்த்ததும் அறைக்கு ஓடினேன். இரண்டாம் வாரம் நடந்தேன். மூன்றாம் வாரம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதையே விட்டுவிட்டேன்.

புலி வருது கதைதான். ஒருநாள் மூன்றாம் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்து, உள்ளே நிஜமாகவே சூடு ஏறியது. பலகை நிஜத்தைச் சொன்னது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செல்லையா என்கிற சம்சாரி தோட்டம் போட்டு விளைவித்த திராட்சை அத்தனையும் தொளதொளத்துப் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பதில் கன்னத்தில் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

அதன்பிறகு கிட்டங்கிக்கு வருகிறவர்கள் வாசலிலேயே "இன்னைக்கு யாரு ஷிப்டு?" என்று கேட்டார்கள். என் பெயரைச் சொன்னால் வண்டியைத் திருப்பினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பலகையைச் சரி பண்ண ஒரு ஆளப் புடி. இல்லாட்டி ஒனக்குப் பதிலா நான் ஒரு ஆளப் புடிக்கணும்" என்றார்.

தேனியில் ரேடியோ கடைக்காரர் ஒருவரிடம் கேட்டதில், ஆண்டிபட்டிக்காரர் ஒருவரை அனுப்பிவைத்தார். பின்னாளில் எங்களுக்கு ரெட்டைக்கம்பி சார் ஆனவர் இவர்தான். வயது நாற்பதுக்கு மேல். தோளில் ஒரு பை, கையில் சுழற்றித் துளைபோடும் கை டிரில். வந்தவர் பலகையைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்க்கவில்லை. "இந்த எடத்துல யாருக்கும் யாருக்கும் ஆகாது?" என்றுதான் கேட்டார்.

கிட்டங்கியில் இருந்த இருபது பேரும் ஒரு கையால் என்னையும் இன்னொரு கையால் அமலியக்காவையும் காட்டினார்கள்.

அமலியக்கா பெட்டி கட்டும் பெண்களுக்குத் தலைவி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் ஃபேனைக் கூட்டினால் அவர் குறைப்பார். சின்னமனூர் பஸ் போய்விட்டது என்று நான் சொன்னால், "அந்தோணியார் மேல சத்தியமா இன்னும் வரல" என்பார். அவர் ஒருநாள் "இன்னைக்கு செவ்வாய்" என்றபோது, மறுக்க வழி உண்டா என்று நான் காலண்டரைப் பார்த்தவன். நன்றாகவே தேடினேன்.

இரண்டு பேரையும் தனித்தனியாக அழைத்து விசாரணை நடந்தது. அமலியக்கா சொன்னது: "மோட்டார் ஓடுனா நம்பர் எகிறுது. டீயை வாயில வைக்க முடியல." நான் சொன்னது: "மோட்டாருக்கும் நம்பருக்கும் சம்பந்தமே இல்ல. டீயை வாயில வைக்க முடியல."

"டீ ரெண்டு பேத்துக்கும் பொது. அதை அடிச்சிரு" என்றார் அவர். "மாறிவந்தது மோட்டார்தான். அங்கனதான் விசயம் இருக்கு."

பிறகு என் பேப்பரின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். "ஒத்தக் கம்பியில சேதி அனுப்புனா, வழியில மோட்டார் போடுற கூச்சலும் அதுல ஏறிக்கிரும். எது சேதி, எது கூச்சல்ன்டு பலகைக்கு எப்படித் தெரியும்? அதனால ரெண்டு கம்பி. ஒண்ணு நேர்க்கம்பி, ஒண்ணு எதிர்க்கம்பி. அது ஏறுனா இது எறங்கும், இது ஏறுனா அது எறங்கும். ரெண்டையும் சேத்துப் பின்னிட்டா, கூச்சல் ரெண்டுலயும் ஒரே அளவுல ஏறும். கடைசியில பலகைக்குள்ள ஒக்காந்திருக்குற ஐ.சி. சில்லு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கிரும். பொதுவா ஏறுனது அடிபட்டுப் போயிரும்."

"எதிர்க்கம்பி எதுக்கு சார், அதுவும் நேராவே சொல்லலாம்ல?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணையே சொன்னா வித்தியாசம் என்னப்பா? சைபர். சேதியே கிடையாது."

பின்னிய கம்பி கடையிலேயே கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "கெடைக்கும். அதைப் பின்னுனப்ப நீ கூட இருந்தியா?" என்று கேட்டார். ஆகவே கிட்டங்கியின் கேட் தூணில் இரண்டு கம்பிகளைக் கட்டி, மறுமுனைகளை கை டிரில்லின் வாயில் மாட்டி, பின்பக்கமாகவே நடந்து நடந்து மெயின் ரோட்டுக்குப் போய், நட்ட நடு ரோட்டில் நின்று சுழற்ற ஆரம்பித்தார். அப்போது சின்னமனூர் பஸ் வந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் நகரவில்லை. கையை விட்டால் பின்னல் அவிழ்ந்துவிடும். கண்டக்டர் இறங்கி வந்தார். "என்ன சார், ரோட்டை அளக்குறீகளா?"

"முறுக்குறேன். இன்னும் நூறு சுத்து."

பயணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எண்ண ஆரம்பித்தார்கள். முறுக்க முறுக்கக் கம்பி குட்டையாகும் அல்லவா, அதனால் சாரும் அங்குலம் அங்குலமாக முன்னால் இழுபட்டுக்கொண்டே வந்தார். அவர் விட்ட இடத்தில் பஸ்ஸும் அங்குலம் அங்குலமாக ஏறியது. நூறு முடிந்தபோது அவர் ரோட்டோரத்தில் நின்றார், பஸ் போக வழி கிடைத்தது. எட்டு ஜோடிக்கு எட்டு நாள் இது நடந்தது. மூன்றாம் நாளிலிருந்து டிரைவர் அந்த இடத்தில் டீ குடிக்க இறங்கிவிட்டார்.

வேலை முடிந்த அன்று முதலாளியே மோட்டாரைப் போட்டார். இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தோம். "ஒன்று." அணைத்துவிட்டு மறுபடி போட்டார். "ஒன்று." எட்டு அறையும் அசையவில்லை. அமலியக்கா, "அந்தோணியாரே, கல்லு மாதிரி நிக்குது" என்றார். நான் பழக்கதோஷத்தில், "லேசா ஆடுறாப்புல இருக்கு" என்றேன்.

ரெட்டைக்கம்பி சார் என் தோளில் தட்டினார். "நீதான்யா எனக்குத் தோதான எதிர்க்கம்பி" என்றார். அமலியக்கா நேர்க்கம்பி. அமலியக்கா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார், நான் சொல்வதைத் திருப்பிப் போட்டு எடுத்துக்கொள்வார். இரண்டும் பொருந்திவந்தால்தான் சேதி.

இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று வந்தவர் கிட்டங்கியின் பின்னால் இருந்த கொட்டகையிலேயே தங்கிவிட்டார். சுற்றுவட்டாரக் கிட்டங்கிகளுக்கெல்லாம் பலகை செய்து கொடுத்தார். எதைச் செய்வதற்கு முன்னாலும் எங்கள் இருவரையும் கேட்பார். காலையில் எங்கள் மெஸ்ஸின் வாசலில் நின்று, "இட்லி எப்படி?" என்பார். அமலியக்கா "நல்லாருக்கு" என்று, நான் "கல்லு" என்றால், உட்கார்ந்து ஆறு சாப்பிடுவார். இருவரும் சேர்ந்து "நல்லாருக்கு" என்றால், "மொதலாளி பக்கத்துல நிக்கிறாரா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வெளியே போய்விடுவார். பெரும்பாலும் முதலாளி நின்றுகொண்டுதான் இருப்பார்.

கல்யாணத் தரகர் ஒருவர் அவருக்குப் பெண் இருப்பதாக வந்தார். "இன்னொரு தரகரையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஒங்களுக்கு ஆகாதவரா இருந்தா நல்லது" என்றார் சார். போன தரகர் திரும்பி வரவே இல்லை.

இதற்கிடையில், அடுத்த வருட அறுப்பில் ஒருநாள் செல்லையா டிராக்டரில் வந்து இறங்கினார். "யாரு ஷிப்டு?" என்று கேட்டார். என் பெயரைச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. "எறக்குங்கப்பா" என்றார். நான் மோட்டார் ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தையை எனக்குத் திருப்பி வாங்கிக் கொடுத்தவர் ரெட்டைக்கம்பி சார்.

2006-இல் அவருக்குப் பெங்களூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய கம்பெனி, பெரிய வேலை. கொட்டகைச் சுவரில் ஸ்க்ரூடிரைவரால் குத்திவைத்து இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு திங்கட்கிழமை, "வியாழக்கெழம பஸ்" என்றார்.

நானும் அமலியக்காவும் ஓடினோம். அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "போகாதீக சார்" என்றோம், இருவரும் ஒரே மூச்சில். நாலு வருடத்தில் முதலாளி பக்கத்தில் இல்லாமல் நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா அது சேதி இல்லப்பா. மனசு பொங்குது, அது ரெண்டு பேத்துக்கும் பொது. அடிபட்டுப் போச்சு" என்றார். அடுத்த சட்டையை எடுத்தார். பிறகு மெதுவான குரலில், "நெசமாவே எனக்குத் தெரியல. போகவா, இருக்கவான்டு. ஒங்களக் கேட்டா ஒரே பாட்டைப் பாடுறீக" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு வேறு வழியில் கேட்கவே தெரியாது.

வெளியே வந்ததும் அமலியக்கா என்னை எடைமேடை ஓரமாக இழுத்துப் போனார். "ஏலே, நீ அவரைப் போகச் சொல்லணும்."

"நானா? என்னால முடியாதுக்கா. நீங்க போகச் சொல்லுங்க, நான் இருக்கச் சொல்றேன்."

"கம்பிய மாத்தி மாட்டுனா சேதியே மாறிப்போகும்டா. நான் போகச் சொன்னா அப்படியே எடுத்துக்கிட்டு போயிருவாரு. ஒன்னையத்தான் திருப்பிப் போடுவாரு. நாலு வருசமா நான் சொன்னதையெல்லாம் மாத்திச் சொன்னவன்தானே. இன்னைக்கு ஒருநாள் சொல்ல வலிக்குதாக்கும்" என்றார்.

இரண்டு நாள் மூன்றாம் அறைக்குள் போய்த் திராட்சைப் பெட்டிகளைப் பார்த்து "போங்க சார்" என்று சொல்லிப் பழகினேன். நன்றாகவே வந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பஸ் நிறுத்தத்தில் டிரங்குப் பெட்டியோடு நின்றார். கிட்டங்கியே வந்திருந்தது. அமலியக்கா முன்னால் போய், "இருங்க சார். போகாதீக" என்றார். அவர் தலையசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பஸ் வந்து நின்றது. "ஏறுறீகளா, இல்லையா?" என்றார் கண்டக்டர். அமலியக்கா என் முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளினார், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"போங்க சார்" என்றேன். ஒரு தடவை வந்துவிட்டது, அப்புறம் நிறுத்த முடியவில்லை. "போங்க. யாரு ஒங்கள இருக்கச் சொன்னா? ஒங்க கம்பியும் வேணாம், பலகையும் வேணாம். நீங்க இல்லாட்டி இங்கன எல்லாம் நல்லாத்தான் நடக்கும். நான் ஒங்கள நெனைக்கவே மாட்டேன். போங்க." கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கண்டக்டருக்குத் தாங்கவில்லை. "ஏப்பா, பெரிய மனுசரை வழியனுப்புற லெச்சணமா இது?" என்றார்.

ரெட்டைக்கம்பி சார் அமலியக்கா முகத்தை ஒருமுறை பார்த்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். கழித்துப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். பிறகு கண்டக்டரிடம், "நீங்க போங்க தம்பி. எனக்குச் சேதி வந்திருச்சு" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிப் பக்கம் நடந்தார். "மூணாம் ரூம் கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கா?" என்று திரும்பாமலே கேட்டார். அமலியக்கா "கிழிஞ்சிருக்கு" என்றார். "கிழியவே இல்ல" என்றேன் நான். "அப்ப இன்னைக்கே மாத்திருவோம்" என்றார்.

நான் தேனிக்குக் குடிவந்து வெகுநாள் ஆகிறது. சார் இன்னும் ஓடைப்பட்டியில்தான் இருக்கிறார், கொட்டகை மட்டும் பெரிதாகியிருக்கிறது. வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். முடிக்கும்போது, "இனிமே எனக்குப் போன் பண்ணாதீக சார். ஒங்க நெனப்பே எனக்கு வர்றதில்ல" என்பேன். பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தப் பக்கத்திலிருந்து சார், "எனக்குந்தாம்ப்பா" என்பார்.