ஆம்ப்ரோஸ் வீட்டுக் குடைமிளகாய்

"இன்னா ஆம்ப்ரோஸ், செடி காய் வெச்சுதா?" என்று சூப்பர்வைசர் சுந்தரேசன் கேட்டபோது, ஆம்ப்ரோஸின் வாய் அவனைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"வெச்சிருக்கு சார். நல்லாவே வெச்சிருக்கு."

விவேக் நகர் வீட்டு மொட்டை மாடியில் இருந்த மூன்று தொட்டிகளிலும் இலையைத் தவிர வேறொன்றும் கிடையாது. பூ வரும், மறுநாளே கொட்டிவிடும்.

நாற்றுகள் சுந்தரேசன் கொடுத்தவை. பொம்மசந்திரா ஃபேக்டரியில் அவர் வீட்டுக் குடைமிளகாயைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது. திங்கட்கிழமை தவறாமல் நான்கைந்தை மேஜைமேல் அடுக்கிவைத்து, "ஒரு செடியைக் காய்க்க வெக்கத் தெரியாதவன்கிட்ட மெஷினை எப்படி நம்பிக் குடுக்கறது?" என்பார். தமாஷ் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பகல் ஷிஃப்டில் ஓர் இடம் காலியாகி, அதைக் கேட்டு வந்த எட்டுப் பேருக்கும் அவர் ஆளுக்கு மூன்று நாற்று கொடுத்தபோதுதான் தமாஷ் இல்லை என்று புரிந்தது.

அந்த இடம் ஆம்ப்ரோஸுக்கு வேண்டும். நான்கு வருடமாக நைட் ஷிஃப்ட். 'என் குடும்பம்' என்று பள்ளியில் படம் வரையச் சொன்னதற்கு, அவன் மகள் அப்பாவைப் போர்வைக்குள் வரைந்துவிட்டு வந்திருந்தாள். அதைப் பார்த்து அவன் அழுதேவிட்டான்.

"அப்ப நாளைக்கு ரெண்டு எடுத்துட்டு வா," என்றார் சுந்தரேசன்.

மார்க்கெட்டில் இரண்டு வாங்கினான். சுந்தரேசனின் காய்களில் எப்போதும் ஒட்டியிருப்பதுபோல் கொஞ்சம் மண்ணும் பூசிக்கொண்டு போனான்.

அவர் உருட்டி உருட்டிப் பார்த்தார். "மொதல் காயே இவ்ளோ பெருசா? இன்னா போட்டே?"

"மீன் கழுவின தண்ணி சார்."

"அத்த நான் கண்ணால பாக்கணும். ஞாயித்துக்கெழம மிஸஸோட வரேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும், மனைவி ரெஜினா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"பேசாம உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா நைட் ஷிஃப்ட்லயே ரிடையர் ஆவணும்."

ரெஜினா பெருமூச்சு விட்டாள். பிறகு தையல் மிஷின் டிராயரிலிருந்து பச்சை நூல்கண்டை எடுத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு இருவரும் மாடியேறிப் பதினோரு காய்களைக் கட்டினார்கள். பாரம் தாங்காமல் செடிகள் மூன்றும் முழந்தாளிட்டன. குச்சி நட்டார்கள். குச்சியும் சாய்ந்தது. செங்கல் முட்டுக் கொடுத்தார்கள்.

"ஒரே செடில அஞ்சு காய் ஓவருங்க. ரெண்டு அவுத்துடலாம்," என்று ரெஜினா சொல்லி வாய் மூடவில்லை, படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சுந்தரேசன் தொட்டிகளை மூன்று முறை சுற்றி வந்தார். அவருடைய மனைவி வேதநாயகி பின்னாலேயே வந்தார். ஆம்ப்ரோஸ் மனதுக்குள் குழந்தை இயேசுவுக்கு முதலில் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான், பிறகு ஒரு பாக்கெட்டாக உயர்த்தினான்.

இருப்பதிலேயே பெரிய காய் பொத்தென்று சுந்தரேசனின் காலடியில் விழுந்து உருண்டது.



"முத்திப்போனா தானா விழும்," என்றார் சுந்தரேசன், அவசரமாக.

"ஆமா சார், முத்திப்போச்சு," என்றான் ஆம்ப்ரோஸ், அதைவிட அவசரமாக.

வேதநாயகி குனிந்து காயை எடுத்தார். காம்பிலிருந்து தொங்கிய நூலை இழுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பகல் ஷிஃப்ட் கைவிட்டுப் போனது ஆம்ப்ரோஸுக்குத் தெரிந்துவிட்டது. மகள் வரைந்த போர்வை கண்முன் வந்தது.

வேதநாயகி கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, பச்சை நூல்ல கட்டினா தெரியவே இல்ல பாருங்க. நம்ம வீட்ல ஆள் வர்றப்பல்லாம் நீங்க வெள்ளை நூல்ல கட்டித் தொலைக்கிறீங்க."