எழுப்புகிறவரை எழுப்ப ஓர் ஆள்

"எல்லாம் சரிப்பா. நீங்களே எழுந்திருக்கலேன்னா என்ன செய்வீங்க?"

மகள் போனில் டைம்கீப்பரிடம் கேட்டாள். முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் பிந்தி வந்தவன் கார்டிலும் சிவப்பு மையால் கோடு போட்டவர் அவர். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச்சேர்ந்த பிறகு புதிதாக ஒரு தொழில் தொடங்கியிருந்தார். மாதச் சந்தா கட்டினால் விடியற்காலையில் போன் செய்து எழுப்பிவிடுவார். மணி அடித்துவிட்டு வைத்துவிடுவதில்லை; ஆள் படுக்கையை விட்டு இறங்கும்வரை பேசுவார். ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள்.

"தொழில்னா ரிஸ்க்குன்னு ஒரு பக்கம் எழுதணும்ப்பா. எங்க ஆபீஸ்ல அதைத்தான் முதல்ல பாப்போம். உங்க தொழில்ல பெரிய ரிஸ்க்கே நீங்கதான். தினமும் உங்களை அம்மாதானே எழுப்புவாங்க?"

உண்மைதான். முப்பத்திரண்டு வருடமும் மனைவிதான் அவரை உலுக்கி எழுப்பி அனுப்பினாள். இந்த விஷயம் தொழிற்சாலைக்குத் தெரியாது.

"மூணு மாசம் தவறாம நடத்திக் காட்டுங்க. ஒரு நாள் தவறினாலும் வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடணும்."

மகள் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் அவரும் மீன் தொட்டியும்தான். இங்கேயாவது ஆறு பேர் ஹலோ சொல்கிறார்கள்.

அன்றே நோட்டை எடுத்து, 'ரிஸ்க் ஒன்று: நான்' என்று எழுதினார். அலாரம் கடிகாரம் வாங்கினார். பேட்டரி தீர்ந்துபோனால்? சாவி கொடுக்கும் கடிகாரம் இன்னொன்று வந்தது. அது மூன்று நிமிடம் முந்தி ஓடியது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதும் வந்தது. நாலாவது நாள் மூன்றையும் தூக்கத்திலேயே அணைத்துவிட்டுப் புரண்டு படுத்தார். நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை, தொழிலுக்கு விடுமுறை.

இனி மனுஷன்தான் சரிப்படும் என்று மாடி வீட்டுத் தையல்காரரிடம் போனார்.

"நாலரைக்குக் கதவைத் தட்டணும். அவ்வளவுதான்."

"தட்டறதுல என்ன கஷ்டம்? ஆனா நான் எழுந்திருக்கணுமே," என்றார் தையல்காரர். "நாலு இருபத்தஞ்சுக்கு ஒரு போன் அடிச்சுடுங்க, வந்துடறேன்."

டைம்கீப்பர் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். பாதிப் படியில்தான் உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், தையல்காரரையும் ஏழாவது ஆளாக, இலவசமாக, நோட்டில் ஏற்றிக்கொண்டார்.

தையல்காரரை எழுப்பத் தவறிவிடுவோமோ என்ற பயத்தில் டைம்கீப்பருக்குத் தினமும் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. நாலரைக்குத் தையல்காரர் கொட்டாவியோடு இறங்கி வருவார். சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "எழுந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அந்த ஒரு கேள்விக்காகவே டைம்கீப்பர் அந்த ஏற்பாட்டை விடவில்லை. அந்த வீட்டில் அவரிடம் அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லை.

நோட்டில் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது, நேரம்தான். 'நாலே முக்கால்' ஒரு பஸ் டிரைவர், திட்டிக்கொண்டேதான் எழுவார். 'ஐந்தரை' ஒரு பெண். முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். மழை வருமா, முழங்கால் வலி தேவலையா என்று பத்து நிமிடம் பேசுவாள். அவருடைய நாளில் அந்தப் பத்து நிமிடம்தான் உருப்படியானது. மீதி நேரம் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று மாதம் முடிய இரண்டே நாள் இருந்தபோது, கெட்டுப்போன தூக்கமெல்லாம் சேர்ந்து வந்தது. தையல்காரர் கேட்டுவிட்டுப் போனதும் நாற்காலியில் சற்றே கண்ணை மூடினார். திறந்தபோது மணி ஏழரை.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

"உங்களை நம்பினதுக்கு எனக்கு மெமோ குடுத்துட்டாங்க," என்றார் டிரைவர். "நாளையிலேருந்து கூப்பிடாதீங்க."

பரீட்சைக்குப் படிக்க எழ வேண்டிய மாணவி அழுதாள். மற்ற மூவரும் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். ஐந்து பேரையும் சிவப்பு மையால் அடித்தார். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டும்போது அழுகை வந்துவிட்டது.

மிச்சம் ஐந்தரைதான். அவளும் கோபித்துக்கொண்டால் தாங்காது என்று போனைக் கையிலேயே வைத்திருந்தார். எட்டு மணிக்குத்தான் துணிவு வந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா, தூங்கிட்டேன். உன் வேலையைக் கெடுத்துட்டேன். இப்பத்தான் எழுந்தியா?"

"நான் எங்கங்கய்யா தூங்கினேன்? எனக்கு நைட் ஷிப்ட்டு. தினமும் உங்ககிட்ட நாலு வார்த்தை பேசிட்டுத்தான் படுக்கப்போவேன்."