காப்பிக்கு ஆகாத உருண்டை

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றதால் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் எழுதத் துணிந்ததற்குக் காரணம், இந்தக் கதையை என் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிவதுதான். நடந்தது இதுதான்.

தொண்டாமுத்தூரில் தேங்காய் மூட்டை தூக்கும்போது எனக்குக் குடல் இறங்கிவிட்டது. புதன்கிழமை கோவையில் ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமையோ அன்னூரில் என் கடைசித் தங்கையின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் குத்துவார்கள். அவளுக்கு நான் ஒரே மாமன்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். என் மனைவியின் அண்ணன் மட்டும் ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்தார். ஹோமியோபதி.

"ரெண்டு ரெண்டு உருண்டை நாக்குல வெச்சுக்குங்க மாப்ளே. புண்ணு சீக்கிரம் ஆறிப்போடும். காப்பி மட்டும் ஆகாதுங்க."

"சரிங்க மச்சான்" என்றேன். (எங்கள் பக்கம் மச்சானிடம் மாட்டேன் என்று சொல்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.)

எழுந்தால் காப்பி, உட்கார்ந்தால் காப்பி என்று வாழ்ந்தவன் அன்றே நிறுத்தினேன். மறுநாள் மண்டைக்குள் கிணற்று மோட்டார் ஓட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமையும் நிற்கவில்லை. டாக்டரம்மா முகம் மாறியது.

"மரத்துப்போக முதுகுல போட்ட ஊசியால வந்த வலியான்னு பாக்கணுங்க. தலைவலி நிக்காம வீட்டுக்கு அனுப்ப முடியாது."

"ஞாயித்துக்கிழமைங்க..."

"வாய்ப்பில்லீங்க."

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, வாயத் தொறந்து சொல்லுங்க! டாக்டரம்மா, இவரு காப்பிய உட்டுப்போட்டாருங்க. எங்கண்ணன் குடுத்த உருண்டைக்கு ஆகாதாமுங்க."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "பழகினவங்க திடீர்னு நிறுத்தினா மண்டை இடிக்கத்தான் செய்யும். முதல்ல ஒரு காப்பி குடிங்க."

"அப்ப உருண்டைங்க?"

"ஆபரேஷன் ஆனவங்களுக்குக் குடுத்துச் சோதிச்சிருக்காங்க. வெறும் சர்க்கரை உருண்டை தின்னவங்களைவிட இவங்களுக்குச் சீக்கிரம் ஆறுச்சுன்னு சொல்ல, நம்பற மாதிரி ஆதாரம் இல்லீங்க. புண்ணு அதும்பாட்டுக்கு ஆறும்."

கடுங்காப்பி வந்தது. பாதி டம்ளரிலேயே மோட்டார் அடங்குகிற மாதிரி இருந்தது. அப்போது பார்த்து மச்சான் உள்ளே வந்தார். டம்ளரைப் போர்வைக்குள் ஒளித்தேன்.

"பாத்தியா அம்மணி, மாப்ளை மொகம் எப்படித் தெளிஞ்சிருக்குது! உருண்டை வேலையக் காட்டிப்போட்டுது!" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே, பாசமாகக் கட்டிலில் உட்கார்ந்தார். டம்ளர் கவிழ்ந்தது. (சூடு. கத்தவும் கூச்சம்.) போர்வையில், சரியாகத் தையல் இருக்கும் இடத்தில், கருஞ்சிவப்பாக ஊறியது.

"ஐயோ, ரத்தம்! தையல் பிரிஞ்சுபோச்சுங்க!" மச்சான் போட்ட சத்தத்தில் வார்டே திரண்டது. நர்ஸ் ஓடிவந்து போர்வையை விலக்கினார், முகர்ந்து பார்த்தார்.

"காப்பிங்க. சர்க்கரை தூக்கல்."

வார்டு சிரித்து முடிக்கும்வரை மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன் மாப்ளே?"

(வேண்டாம் என்று சொன்னதே அவர்தான்.)

நனைந்த கட்டுத் துணியை மாற்றினார்கள். தலைவலி போனதால் சனிக்கிழமை வீட்டுக்கும் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மடியில் தலையணை, அதன்மேல் மருமகள். காது குத்தியதும் அவள் உதைத்தாள். இருவரும் சேர்ந்து அழுதோம். மாமனுக்கு எவ்வளவு பாசம் என்றார்கள்.

இன்றும் எந்த வீட்டுக்குப் போனாலும், "காப்பிங்களா, உருண்டைங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். சத்தமாகக் கேட்பவர் மச்சான். இப்போதும் அடுப்படிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுந்துபோய்க் காப்பி என்று சொல்ல வேண்டும்.

எழுதியது: ஆடிப் பதினெட்டு.