ஆறு போல்ட்டும் அரிசோனா மச்சானும்

டோய்வோலா, மிச்சிகன்
மார்ச் 24

அரிசோனா வெயிலில் சுகமாய்க் காயும் என் அருமை மச்சான் தவுனோவுக்கு, பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்துப் பெஞ்சுக்காரனாகவும் பிறகு உன் தங்கை புருஷனாகவும் வந்து சேர்ந்த ரெய்னோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஐலியும் சௌக்கியம். உன் இடுப்பெலும்பும், நீ இப்போது குடிக்கும் சர்க்கரை இல்லாத காப்பியும் சௌக்கியமாயிருக்க வேண்டுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "வண்டிய எடைக்குப் போட்டுடு, இர்யா இல்லாத ஊருக்கு நான் இனிமே வரல" என்று சொல்லி வைத்துவிட்டாய். இர்யா அண்ணி செத்ததைக் காட்டிலும் நீ வராமல் போவதுதான் பெரிய இழவு என்று ஐலி அழுதாள். நான் அழவில்லை, கொட்டகைக்குப் போய் கோடையில் வந்தால் ஓட்டுவதற்கென்று நீ விட்டுப்போன வண்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்கும் ஆறவில்லை. ஆனாலும் நீ சொன்னால் சொன்னதுதான் என்று பழைய இரும்புக்காரனை வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

அதற்குள் ஒரு காரியம் இருந்தது. மாதம் முடிவதற்குள் நம் மீன்பிடிக் குடிலை ஏரிப் பனிக்கட்டி மேலிருந்து கரைக்கு இழுத்தாக வேண்டும். விட்டால் சட்டமும் பிடிக்கும், பனிக்கட்டி உருகி ஏரியும் விழுங்கும். நான் புதிதாய் வாங்கிய வண்டியில் இழுவைக் கொக்கி இல்லை. உன் வண்டியில் இருக்கிறது, ஆனால் அது இந்தக் குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை. எடைக்குப் போகிற வண்டிக்குக் கொக்கி எதற்கு, கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று அடியில் போய்ப் படுத்தேன். ஆறே போல்ட், அரைமணி வேலை என்று ஐலியிடம் சொன்னேன். "உங்க அரைமணி எனக்குத் தெரியாதாக்கும்" என்று அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

பதினெட்டுக் குளிர்காலம் பனி கரையச் சாலையில் கொட்டிய உப்பு தின்ற போல்ட்டுகள் மச்சான். எது போல்ட், எது நட், எது துரு என்றே தெரியவில்லை. எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்து, கெஞ்சி, திட்டி, நான்கைக் கழற்றினேன். ஐந்தாவது அசையவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நமக்கு உடம்பு இறுகினால் என்ன செய்கிறோம்? சவுனா அறையின் நீராவியில் வெந்து, வெளியே ஓடிப் பனியில் புரள்கிறோம்; மூட்டெல்லாம் இளகிவிடுகிறது. போல்ட்டுக்கு மட்டும் ஆகாதா என்று அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஒரு வாளிப் பனியை அள்ளி அப்பினேன். புஸ்ஸென்று ஆவி வந்தது, பழக்கதோஷத்தில் எனக்கே சுகமாயிருந்தது, ஸ்பானரைப் போட்டு ஒரே இழுப்பு, போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. அதோடு புத்தி வந்ததா என்றால், பனி போதவில்லை போலிருக்கிறது என்று ஆறாவதுக்கு இரண்டு வாளி அப்பினேன். அதன் தலையும் போயிற்று.

ஐலி எனக்குத் தெரியாமல் ஹில்யாவுக்குப் போன் போட்டாள். படகுப் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் செய்தவளாயிற்றே, வந்ததும் குனிந்து பார்த்தாள்.

"என்னண்ணே, போல்ட்டக் குளிப்பாட்டுனீங்களாமே? தொடைக்கத் துண்டு குடுத்தீங்களா?"

"நம்ம ஊரு வைத்தியந்தானேம்மா..."

"சிவக்கக் காஞ்ச இரும்புல பனியக் கொட்டுனா விறைச்சுப்போயி முறியாம என்ன பண்ணும்? தள்ளிப் படுங்க."

முறிந்த மொட்டையின் மேல் ஒரு புது நட்டை வைத்து, உள்ளே வெல்டிங் செய்து ஒட்டினாள். பிறகு ஐலியின் ஏலக்காய் ரொட்டி இரண்டு துண்டு, காப்பி ஒரு கோப்பை முடியும்வரை அதைத் தானாக ஆறவிட்டாள். ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னுமாக மெதுவாய் ஆட்டினாள். கீச்சென்று முனகிக்கொண்டு ஐந்தாவது வந்தது. ஆறாவதும் வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கொக்கி இப்போது என் காலடியில் கிடக்கிறது. நாளை என் வண்டியில் மாட்டிக் குடிலை இழுத்துவிடுவேன். வியாழக்கிழமை உன் வண்டி போய்விடும். எல்லாம் உன் இஷ்டப்படியே நடக்கிறது, நிம்மதியாயிரு. வெயிலில் தொப்பியில்லாமல் திரியாதே. கர்த்தர் உன் இடுப்புக்கும் மனசுக்கும் பலம் தரட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
ரெய்னோ

பின்குறிப்பு: மேலே உள்ளதை நம்பாதே. மறுநாள் காலை கொக்கியை மாட்டப் போனபோது ஐலி என் வண்டியின் பின்பக்கம் குனிந்து, "ஏங்க, இது என்ன மூடி?" என்றாள். நெம்பினால், கம்பெனியே போட்ட கொக்கி பெயிண்ட் போகாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. விற்றவன் அன்றைக்கே சொன்னான். வண்டி விற்கிறவன் பேச்சை நம்புகிற குடும்பமா நாம்? குடிலை மதியமே கரைக்கு இழுத்தாயிற்று. உன் கொக்கியை ஆறு புது போல்ட் போட்டு உன் வண்டியிலேயே திரும்ப மாட்டினேன். மாட்டிய பிறகு அதை எடைக்குப் போடக் கை வரவில்லை. இரும்புக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப தவுனோ அண்ணன் எப்ப வர்றாரு?" என்று ஹில்யா கேட்டாள். ஜூன் மாதம் என்று வாயில் வந்துவிட்டது. இந்த வயதில் என்னைப் பொய்யனாக்காதே, மச்சான்.